ஆறு நாளா, 454 கோடி ஆண்டா? ஞாயிறு பள்ளியில் மாட்டிக்கொண்டேன்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மதுரை ஒத்தக்கடையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். மூன்று வாரம் முன்பு ஒரு பையன் ஜன்னல் வழியே யானைமலையைக் காட்டி, "அக்கா, இந்தப் பாறைக்கு ஆறாயிரம் வயசுதானா?" என்று கேட்டான்.

ஆதியாகமம் சொல்லும் படைப்பின் ஆறு நாட்களை விளக்க, கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் போல என்று 2 பேதுரு 3:8ஐக் காட்டினேன். நோட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்பவும் இன்னொரு ஆறாயிரம்தானே கூடுது" என்கிறான். சரிதான். உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004இல் என்பது 17ஆம் நூற்றாண்டில் அஷர் என்ற பேராயர் போட்ட கணக்கு, வேதவசனம் இல்லை என்றும், யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுவதை வைத்துத்தான் பூமியின் 454 கோடி ஆண்டு வயதை அளக்கிறார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். போதகரோ விசுவாசித்தால் போதும் என்கிறார். போன வாரம் பையன், "அப்ப பைபிள் பொய்யா?" என்றான், முகம் வாடிப்போயிருந்தது.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஆதியாகமம் முதல் அதிகாரம் நடத்தியவர்கள், அதில் வரும் 'நாள்' என்ற சொல்லை எப்படி விளக்கினீர்கள்?