டபுள் டையா, மெஷின் டபுளிங்கா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சில்லறையில் வந்த ஒரு நாணயத்தில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது. நேற்றிலிருந்து பத்து தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன், முடிவுக்கு வர முடியவில்லை.

நாணயம் அடிக்கும் அச்சைத் (டை) தயாரிக்கும்போதே உருவம் சற்று விலகி இரண்டு முறை பதிந்தால், அந்த அச்சில் அடித்த எல்லா நாணயத்திலும் அதே இரட்டிப்பு வரும். அதுதான் டபுள் டை. 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்கள் சிலவற்றில் அது வெறும் கண்ணுக்கே தெரியும். மெஷின் டபுளிங் அப்படியல்ல. அடிக்கும் நேரத்தில் அச்சு ஆடி, எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். படிக்கட்டு மாதிரி தட்டையாக, தாழ்வாக இருக்கும், எழுத்தும் மெலிந்துபோகும். அசல் இரட்டிப்பில் எழுத்து தடித்து, முனையில் சின்னப் பிளவு தெரியும். இதுவரை புரிகிறது.

என்னுடையதை 10 மடங்கு லூப்பில் (சின்ன உருப்பெருக்கி லென்ஸ்) பார்த்தால், '9' இன் கீழ் வளைவில் இரண்டாவது கோடு உருண்டு மேடாக நிற்கிறது. '1' இன் அடியில் பிளவு போலவும் இருக்கிறது. ஆனால் பக்கத்து எழுத்துகளின் ஓரம் தட்டையாகப் பளபளக்கிறது. அங்கேதான் குழப்பம். ஒரே நாணயத்தில் இரண்டும் சேர்ந்து வருமா? அச்சு தேய்ந்தாலும் ஓரம் உப்பும் என்கிறார்களே, அதை எப்படிப் பிரித்தறிவது?

விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து எடுத்த படங்களைப் போட்டிருக்கிறேன். நாணயத்தைக் கழுவவில்லை, துடைக்கவும் இல்லை. வேறு கோணத்தில் படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், உடனே எடுத்துப் போடுகிறேன்.