நோர்வேயில் முதல் குளிர்காலம்: லாங்ரென் பருவத்தைப் பின்தொடர விரும்பும் தங்கைக்கு

தங்கைக்கு வணக்கம்.

முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், அங்குள்ள பெரியவர்கள் சனி, ஞாயிறுகளில் தொலைக்காட்சியில் பனிச்சறுக்கு ஓட்டத்தையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், என்ன பேசுவதென்று தெரியாமல் கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் இங்கு வந்த முதல் குளிர்காலத்தில் இதே வேலையில், இதே நிலையில்தான் இருந்தேன். வகுப்பில் படித்ததைவிட அந்தத் தொலைக்காட்சிக்கு முன்னால் நான் பழகிய நோர்வேஜிய மொழி அதிகம் என்பதால், ஒரு பருவத்தை எப்படிப் பின்தொடர்வது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஸ்கீ என்று நாம் வாசிப்பதை இங்கே ஷீ என்றுதான் உச்சரிப்பார்கள். மேடும் பள்ளமுமான காட்டுப்பாதையில் ஓடும் இந்தப் போட்டிக்கு லாங்ரென் என்று பெயர். மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் ஆல்பின் வேறு. துப்பாக்கி சுமந்து ஓடிக் குறி பார்த்துச் சுடும் பயத்லான் வேறு. இம்மூன்றையும் குழப்பிப் பேசினால் பெரியவர்கள் கோபிக்கமாட்டார்கள், ஆனால் அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

நான் செய்த முதல் தவறு இது. ஒருநாள் எல்லைக்கோட்டை முதலில் கடந்த வீரரைக் கண்டதும், அவர் வென்றுவிட்டார் என்று நினைத்துக் கை தட்டினேன். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டி சிரித்துக்கொண்டே, "அவன் முதலில் புறப்பட்டவன், வேறொன்றும் இல்லை" என்றார். தனித்தனிப் புறப்பாட்டுப் போட்டியில் வீரர்கள் 30 விநாடி இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக விடப்படுவார்கள். வலுவானவர்கள் பெரும்பாலும் பிற்பகுதியில் வருவார்கள். பாதையில் யார் முன்னே போகிறார் என்பதற்குப் பொருளே இல்லை, கடிகாரம் ஒன்றே பேசும். வழியில் நின்று பயிற்சியாளர்கள் கத்துவது உற்சாகக் கூச்சல் மட்டுமன்று; நேரத்தில் முன்னே இருப்பவருக்கும் இவருக்கும் எத்தனை விநாடி வித்தியாசம் என்ற கணக்கு அது. அதற்கு செகுண்டெரிங் என்று பெயர். அந்தச் சொல்லை ஒருமுறை சரியான இடத்தில் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போடப்படும்.

பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நோர்வேக்காரர்களுக்கு அது பைட்டோஸ்டோலனில் நடக்கும் உள்நாட்டுப் போட்டியுடன் ஆரம்பம். உலகக் கிண்ணம் வழக்கமாக அடுத்த வாரமே பின்லாந்தின் ரூக்காவில் திறக்கும். டிசம்பரில் லில்லஹாமரும் சுவிற்சர்லாந்தின் டாவோசும், புத்தாண்டை ஒட்டி டூர் டி ஸ்கீயும் வரும். பிப்ரவரி, மார்ச்சில், பெரும்பாலான ஆண்டுகளில், ஒலிம்பிக் அல்லது உலகச் சாம்பியன் போட்டி வரும். அதன் முன்னும் பின்னும் பின்லாந்தின் லாத்தி, சுவீடனின் ஃபாலுன், ஒஸ்லோவின் ஹொல்மன்கொல்லன் போன்ற பழைய களங்களுக்கு உலகக் கிண்ணம் சுற்றி வரும். அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். சர்வதேச ஸ்கீ சம்மேளனம் வெளியிடும் நாள்காட்டியை அக்டோபரில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

உலகக் கிண்ணம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 1981–82 பருவத்தில். ஆண்களில் அந்த முதல் கிண்ணத்தை வென்றவர் நோர்வேக்காரர் அல்லர், பில் கோச் என்ற அமெரிக்கர். இன்று ஒவ்வொரு போட்டியிலும் முதல் 50 பேருக்குப் புள்ளிகள் உண்டு. வென்றவருக்கு 100, அடுத்தவருக்கு 95, மூன்றாமவருக்கு 90 என்று அவை இறங்கும். மொத்தப் புள்ளிகளில் முன்னிற்பவர் மஞ்சள் இலக்கச் சட்டை அணிந்து ஓடுவார். மார்ச் இறுதியில் அவருக்குப் பளிங்குக் கோளம் கிடைக்கும். இந்தக் கணக்கில் நின்று நிதானமாக ஓடுகிறவரே வெல்வார். பெண்களில் ஜெஸ்ஸி டிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் கோளத்தைக் கொண்டுபோனதும் அப்படித்தான்.

இனி மெழுகு, அதாவது காலில் பூட்டும் சறுக்குப் பலகையின் அடியில் பூசுவது. பெரியவர்கள் சலிக்காமல் பேசும் பொருள் இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறேன். போட்டிகள் இரண்டு பாணியில் நடக்கின்றன. சறுக்குக் காலணியோடு ஓடுவதுபோல் கால்களைப் பக்கவாட்டில் தள்ளிச் செல்வது சுதந்திரப் பாணி. பனியில் வெட்டிய இரட்டைத் தடத்துக்குள் கால்களை நேராக முன்பின் வைத்துச் செல்வது கிளாசிக். கிளாசிக்கில் ஒரே பலகை இரண்டு முரணான வேலைகளைச் செய்ய வேண்டும்: இறக்கத்தில் வழுக்க வேண்டும், ஏற்றத்தில் பின்னால் நழுவாமல் பிடிக்கவும் வேண்டும். அதற்காகப் பலகையை வில்போல் வளைத்துச் செய்கிறார்கள். இரு முனைகளிலும் வழுக்கும் மெழுகு. பாதத்துக்கு நேர்கீழே பிடிக்கும் மெழுகு. முழு எடையையும் ஒரு காலில் ஊன்றும்போது மட்டும் வில் தட்டையாகி நடுப்பகுதி பனியைத் தொடும். பிடிமெழுகு போதாவிட்டால் ஏற்றத்தில் கால் பின்னால் சறுக்கும். அதிகமானால் இறக்கத்தில் எல்லாரும் கடந்து போவார்கள். கடுங்குளிருக்கு ஒன்று, பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலைக்கு வேறொன்று, உருகி உறைந்த பனிக்கு கிளிஸ்டர் என்ற பசைபோன்ற இன்னொன்று என்று பெட்டி நிறைய இருக்கும். சரியாகப் பூச்சியம் பாகையில் புதுப்பனி கொட்டும் நாள்தான் எல்லாரும் அஞ்சும் நாள். ஏனெனில் புதுப்பனி பிடிமெழுகில் ஒட்டி அடியில் கட்டியாகிவிடும்.

மெழுகு தவறினால் அதற்கு ஸ்மூரபொம் என்று பெயர், அது தேசிய அளவிலான பேச்சாகும். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் நோர்வேப் பெண்கள் தொடரோட்டத்தில் ஐந்தாவதாகவும் ஆண்கள் நான்காவதாகவும் வந்தார்கள். ஓடியவர்களைவிட மெழுகு பூசியவர்கள்தாம் அதிகமாக விசாரிக்கப்பட்டார்கள். வேகத்துக்காகக் கலந்துவந்த ஃபுளோரின் மெழுகு, மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடும் தன்மையால், 2023–24 பருவத்திலிருந்து உலகக் கிண்ணத்தில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இப்போது பலகைகளைக் கருவியால் சோதிக்கிறார்கள். வெளியே வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றி இருக்கும் காலையில், "இன்றைக்கு என்ன மெழுகு போடுவார்கள்?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். கோப்பி ஆறிப்போகும் வரை பதில் வரும்.

ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூர ஓட்டம் எளிதில் புரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் தனித்தனியாக ஓடி, நேர அடிப்படையில் 30 பேர் தெரிவாவார்கள். பிறகு ஆறு ஆறு பேராகச் சுற்றுகள் நடந்து, இறுதியில் ஆறு பேர் மிஞ்சுவார்கள். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: வெற்றியைத் தீர்மானிப்பது மார்போ பலகையின் நுனியோ அல்ல, கோட்டை முதலில் தொடும் காலணியின் முனை. அதனால்தான் கடைசிக் கணத்தில் ஒரு காலை முன்னே நீட்டி, கிட்டத்தட்ட விழுந்தபடி கோட்டைக் கடக்கிறார்கள். சுவீடனின் யொன்னா சுண்ட்லிங் 2021, 2023, 2025 என்று மூன்று உலகச் சாம்பியன் போட்டிகளிலும் இந்தத் தங்கத்தை வென்றவர். சுவீடன்காரர் வெல்லும்போது அறையில் ஒரு பெருமூச்சு எழும். அதில் பாதி நடிப்பு.

டூர் டி ஸ்கீ 2006–07 பருவத்தில் தொடங்கியது. பல நாள் ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் தொடர் இது. மொத்தத்தில் வெல்பவருக்கு 300 புள்ளிகள். கடைசி நாள் இத்தாலியின் வால் டி ஃபியெம்மேயில், இறங்குவதற்கென்றே அமைந்த ஆல்பே செர்மிஸ் சரிவில் வீரர்கள் மேல்நோக்கி ஏறுகிறார்கள். மிகச் செங்குத்தான இடத்தில் சாய்வு 28 விழுக்காடு. அங்கே பலகை வழுக்குவதே இல்லை. ஒவ்வோர் அடியும் கத்தரிபோல் விரிந்து ஊன்றி மெல்ல நகரும். பேசாமல் உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவர் அந்த ஏற்றம் முழுவதும் விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஓடுபவரின் தடி ஊன்றும் அதே தாளம்.

நோர்வேக்காரர்களைப் பற்றிப் பேசும்போது உத்தாக், அதாவது தெரிவு, என்ற சொல் அடிக்கடி காதில் விழும். பெரிய போட்டிகளில் ஒரு நாட்டுக்கு ஓர் ஓட்டத்தில் நான்கு இடங்கள்தாம். உலகச் சாம்பியன் போட்டியில் நடப்புச் சாம்பியனுக்கு மட்டும் தனி இடம் உண்டு. உலகத்தில் முதல் பத்துக்குள் வரக்கூடிய ஒருவர் சொந்த நாட்டில் ஐந்தாவதாக இருப்பதால் வீட்டில் உட்கார நேரிடும். ஜனவரி முழுவதும் இந்த வாதம் நடக்கும். இதில் நீங்கள் கட்சி சேரவேண்டாம்; யாரை எடுக்கலாம் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர்களில் யோஹன்னஸ் ஹொஸ்ஃப்ளொட் கிளேபோவை அறியாமல் இருக்க முடியாது. 2025இல் துரொன்ஹைமில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், சொந்த ஊர் மக்கள் முன்னிலையில், ஆறு ஓட்டங்களிலும் ஆறு தங்கம் வென்றார். கிளாசிக் ஏற்றத்தில் அவர் சறுக்காமல் குறுகிய எட்டுகளில் துள்ளி ஓடுவதைப் பாருங்கள், அது அவர் பெயராலேயே வழங்குகிறது. தெரேசே யொஹெளக் என்ற நோர்வே வீராங்கனை அதே போட்டிக்காக ஓய்விலிருந்து திரும்பி வந்தார், தங்கம் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி ஓர் எச்சரிக்கை: உதட்டில் பூசிய களிம்பில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் அவருக்கு 18 மாதத் தடை விதிக்கப்பட்டு, 2018 ஒலிம்பிக் அவருக்கு இல்லாமற் போனது. நான் ஒருமுறை அதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, அறை முழுவதும் அமைதியானதைப் பார்த்தேன். நீங்கள் அதைத் தொடவேண்டாம்.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே தூரம் என்பது 2022–23 பருவத்தில்தான் வந்தது. அந்தப் பருவத்தின் மார்ச்சில் ஹொல்மன்கொல்லனில் பெண்கள் முதல் தடவையாக 50 கிலோமீட்டர் ஓடினார்கள். வென்றவர் ரன்ஹில்ட் ஹாகா. அதுவரை அந்தத் தூரம் பெண்களுக்கு ஆகாது என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. கேட்டால் இப்போது ஒருவரும் தாம் சொன்னதாக ஒப்புக்கொள்வதில்லை.

மார்ச்சில் ஒருநாள் விடுப்பு வாங்கி ஹொல்மன்கொல்லனுக்கு நேரில் போங்கள். முதலாம் இலக்க மெட்ரோவில் ஏறி, அரங்கத்துக்கு அருகே இறங்காமல், கடைசி நிறுத்தமான ஃப்ரொக்னர்சேத்தரன் வரை செல்லுங்கள். காட்டுக்குள் பாதை ஏறும் இடத்தில் நின்றால் வீரர்களை ஒருமுறை மட்டுமல்ல, ஒவ்வொரு சுற்றிலும், கை நீட்டினால் தொடும் தூரத்தில் பார்க்கலாம். மூச்சு இரைவதும் தடி பனியில் குத்துவதும் கேட்கும். உட்சட்டை கம்பளியாக இருக்கட்டும், பருத்தி வேண்டாம். மடித்துக் கொண்டுபோகும் ஃபோம் விரிப்பை இங்குள்ளவர்கள் உட்காரப் பயன்படுத்துவார்கள். நீங்கள் அதன்மேல் நில்லுங்கள், குளிர் ஏறுவது பாதத்தின் வழியாகத்தான். பெயர்ப் பட்டியலில் நேரம் குறிக்கப் பென்சில் எடுத்துச் செல்லுங்கள்; பேனா மை அந்தக் குளிரில் எழுதாது. யார் வந்தாலும், எந்த நாட்டுச் சட்டை அணிந்திருந்தாலும், "ஹையா, ஹையா" என்று கத்தலாம். கடைசியாக வருபவருக்குத்தான் அங்கே சத்தம் அதிகம். குறித்த தாளை எறிந்துவிடாமல் அடுத்த வார இறுதியில் இல்லத்துக்குக் கொண்டுபோங்கள். உங்கள் எழுத்தில் எங்காவது ஒரு விநாடி பிழையாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துத் திருத்த அங்கே ஆள் இருக்கிறார்கள்.