சீட்டுக்கடியில் வைத்த பிஸ்டல் பிரேக் பெடலுக்கு வந்துவிட்டது. காரில் எங்கே வைப்பது? உதவி தேவை

மலையோரம்84:
வணக்கம். ஹட்டன் பக்கம் எங்கள் ஊர். அப்பா நகை வியாபாரம் செய்கிறார். அவர் பெயரில் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு 9 மி.மீ. பிஸ்டல் இருக்கிறது. 2024 நவம்பரில், தனிப்பட்ட பாதுகாப்புக்குக் கொடுத்த துப்பாக்கிகளை எல்லாம் மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்போது வெலிசறையில் கொண்டுபோய்க் கொடுத்தோம், பிறகு திரும்பக் கிடைத்தது. இந்த வருடத்துக்கும் புதுப்பித்தாயிற்று. பத்திரத்தில் குறை ஒன்றும் இல்லை.

பிரச்சினை காருக்குள்தான். ஓட்டுவது நான். அப்பா பின் சீட்டில் இருப்பார். சீட் பெல்ட் போட்டால் இடுப்பில் குத்துகிறது என்று, பிஸ்டலை ஒரு துணிப்பையில் சுற்றி என் சீட்டுக்கடியில் தள்ளிவிடுவார். போன வாரம் கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, மண்மேட்டுப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். குனிந்து பார்த்தால் பை பெடலுக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. உள்ளே பிஸ்டலோடு கடைச் சாவிக்கொத்தும் இருந்தது. பிஸ்டலின் அறையில் ரவை ஏறி, சுடத் தயாராக இருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா சொன்னார். அன்று பின்னால் என் மகளும் இருந்தாள், ஆறு வயது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

எங்கே வைத்தால் சரி? அப்பா வராத நாளில் கடையிலிருந்து நான் மட்டும் வீட்டுக்குக் கொண்டு வரலாமா? பொலிஸ் மறித்தால் என்ன சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சார்ஜன்ட்:
தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். எந்த நாளில் எந்தப் பாதையில் போகிறீர்கள் என்று இங்கே எழுதாதீர்கள். நகை, பிஸ்டல், பாதை மூன்றையும் ஒருவர் சேர்த்து வாசித்தால் போதும். இடத்தின் பெயரையும் எடுத்துவிடுவது நல்லது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 27 வருடம் சேவையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காருக்குள் கைத்துப்பாக்கிக்கு இரண்டே இடம். ஒன்று, அனுமதி உள்ளவரின் உடம்பில், ட்ரிகரை முழுக்க மூடுகிற உறையில். இல்லையென்றால், வெறுமையாக்கிப் பூட்டிய பெட்டியில். சீட்டுக்கடி, கதவுப் பை, டேஷ்போர்ட் பெட்டி, நடுவில் கை வைக்கிற பெட்டி இதில் ஒன்றும் இடமே இல்லை. நம் பாதையில் தண்ணீர்ப் போத்தலே முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுகிறது. ஒரு கிலோவுக்குக் கிட்ட வருகிற இரும்பு ஓடாதா?

உங்கள் கதையில் எனக்கு அதிகம் பயம் தந்தது பெடல் இல்லை, அந்தச் சாவிக்கொத்து. அறையில் ரவை, துணிப்பை, பக்கத்தில் சாவி. ஒரு சாவி ட்ரிகர் வளையத்துக்குள் நுழைந்து நீங்கள் பையை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அப்பாவிடம் கோபப்படாமல் இதை மட்டும் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: அனுமதிப்பத்திரம் ஒரு ஆளுக்கு, ஒரு தொடரிலக்கத்துக்கு. குடும்பத்துக்கு இல்லை. மகன் என்பதால் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 1996இல் திருத்தம் வந்து தண்டனைகள் கடுமையாகின. அப்பா இல்லாமல் உங்கள் கையில் பிஸ்டல் இருக்கக்கூடாது. அவர் வராத நாளில் அது அவர் பூட்டி வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

சரவணா_கம்பளை:
அண்ணே, யூடியூப்பில் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே காந்தம் பொருத்தி அதில் பிஸ்டலை ஒட்டி வைக்கிறார்கள். கையை நீட்டினால் எடுக்கலாம். விலையும் குறைவு. அதைப் போட்டால் என்ன?

பழைய_சார்ஜன்ட்:
வேண்டாம் தம்பி. குழியில் சில்லு விழுந்தால் காந்தம் தாங்கும் என்று எப்படி நம்புவது? ட்ரிகரும் திறந்தே கிடக்கும். காரை சர்விசுக்கு விட்டால் அங்கே வேலை பார்க்கிற பையன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அந்த வீடியோக்கள் அமெரிக்காவுடையவை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மாநிலத்தைத் தாண்டி இன்னொன்றுக்குப் போகிறவர்களுக்கு அங்கே 1986இல் ஒரு மத்திய சட்டம் வந்தது. அதன்படி துப்பாக்கியில் ரவை இருக்கக்கூடாது, துப்பாக்கியோ ரவையோ கைக்கு எட்டக்கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், அந்தப் பெட்டி டேஷ்போர்ட் பெட்டியாகவோ நடுப்பெட்டியாகவோ இருக்கக்கூடாது. அவ்வளவு துப்பாக்கி உள்ள நாட்டிலேயே டேஷ்போர்டைப் பூட்டிய பெட்டியாக ஏற்கவில்லை. அந்த நாட்டுச் சட்டம் நமக்குப் பொருந்தாது, ஆனால் அந்த யோசனை பொருந்தும்.

வார்டு_அக்கா:
நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

வாகன விபத்தில் வருகிறவர்களின் உடுப்பை நாங்கள் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுப்போம். ஒருவரின் இடுப்பில் துப்பாக்கி இருந்ததை வெட்டுகிற நேரத்தில்தான் கண்டோம். அவருக்கு நினைவில்லை. ரவை இருக்கிறதா என்று எங்களில் யாருக்குப் பார்க்கத் தெரியும்? பொலிஸ் வரும் வரை அந்தக் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நடுங்கிக்கொண்டே வேலை செய்தோம். அதனால் தம்பி, அப்பாவிடம் பிஸ்டல் இருப்பது காரில் வருகிற பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வந்தாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கே ஒளித்தாலும் ஆறு வயதுப் பிள்ளை கண்டுபிடிக்கும். பூட்டு மட்டும்தான் உதவும். பிள்ளை வருகிற பயணத்தில் துப்பாக்கி வேண்டவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

மலையோரம்84:
சார்ஜன்ட் ஐயா, அக்கா, மிகவும் நன்றி. அப்பாவிடம் பேசினேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. சாவிக்கொத்தைப் பற்றிச் சொன்னதும் அமைதியாகிவிட்டார். இடுப்பு உறை அவருக்குச் சரிவராது, முதுகு வலி. அப்படியென்றால் பெட்டிதான். எங்களுடையது வெகன் ஆர், தனி டிக்கி இல்லை. எப்படிப் பொருத்துவது? ரவை அடுக்கியிருக்கிற மெகசினைக் கழற்றினால் போதுமா?

இரும்புக்கடை_பண்டாரவளை:
பெட்டி விஷயம் நான் சொல்கிறேன். மெல்லிய தகரக் காசுப் பெட்டி வாங்காதீர்கள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் திறந்துவிடும். தடித்த இரும்புத் தகட்டில், இலக்கப் பூட்டோ சாவிப் பூட்டோ உள்ள சின்னப் பெட்டி போதும். பெட்டியை மட்டும் பூட்டினால் காணாது, பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். இரும்புக் கேபிள் ஒன்றைப் பின் சீட் மடிகிற இடத்தில் உள்ள இரும்புத் தாங்கியில் சுற்றிப் பெட்டிக்குள் கொண்டுவந்து பூட்டுங்கள். பின் சீட்டுக்குப் பின்னால் தரையில், அசையாமல் இருக்க வேண்டும். கண்ணாடி வழியாகத் தெரியாதபடி சாதாரண துணி ஒன்றைப் போடுங்கள். உள்ளே ஸ்பொஞ்ச் துண்டு வைத்தால் தட்டுப்படாது, ஆனால் ஈரத்தைப் பிடிக்கும். நம் பக்கத்துப் பனிக்கு ஒரே வாரத்தில் துரு வரும். சிலிக்கா ஜெல் பை போட்டு, வீட்டுக்கு வந்ததும் எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

இந்தப் பெட்டி பயணத்துக்கு மட்டும். இரவில் காருக்குள் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

பழைய_சார்ஜன்ட்:
மெகசினைக் கழற்றினால் மட்டும் போதாது. உயிர் போகிற தப்பு அதில்தான் நடக்கிறது. முதலில் மெகசினைக் கழற்ற வேண்டும். பிறகு பிஸ்டலின் மேல் பக்கத்தில் ஓடுகிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அறையில் இருக்கிற ரவையை வெளியே விழ வைக்க வேண்டும். ஸ்லைடைத் திறந்தபடியே வைத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை மாறி முதலில் ஸ்லைடை இழுத்தால் மெகசினிலிருந்து அடுத்த ரவை ஏறிவிடும். வெறுமை என்று நினைத்து ட்ரிகரைத் தொட்டவர்கள் எத்தனை பேர்!

இதை அப்பாதான் செய்ய வேண்டும், காருக்குள் செய்யக்கூடாது. வீட்டில் ஒரு மூலையில் மணல் நிரப்பிய வாளி வைத்து, குழலை அதற்குள் நீட்டியபடி, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்யட்டும். விரல் ட்ரிகருக்கு வெளியே. ரவை தனிப் பையில்.

சோதனைச் சாவடிக்கு வருவோம். சிவனொளிபாதமலை சீசனில் ஹட்டன், நல்லதண்ணிப் பாதையில் வாகனங்களை மறித்துப் பார்ப்பது உங்களுக்கே தெரியும். மறித்தால் கண்ணாடியை இறக்குங்கள், இரவென்றால் உள் விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லுங்கள். பின் சீட்டிலிருந்து அப்பா சொல்வது இன்னும் நல்லது: "மஹத்தயா, பலபத்ரய தியென பிஸ்தோலயக் மங் லங்க தியெனவா" (ஐயா, அனுமதிப்பத்திரம் உள்ள பிஸ்டல் ஒன்று என்னிடம் இருக்கிறது). பெட்டியில் இருக்கிறது, பூட்டியிருக்கிறது, ரவை தனியாக என்று சொல்லிவிட்டு அப்படியே இருங்கள். காட்டச் சொன்னால்தான் திறக்க வேண்டும். பத்திரத்தைத் தேடும் அவசரத்தில் சட்டென்று குனியாதீர்கள். அங்கே நிற்கிற பையனுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது, அவனுக்கும் பயம் இருக்கும். மூலப் பத்திரமும் அடையாள அட்டையும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். பத்திரம் டிசம்பர் 31ஓடு முடியும், ஜனவரியில் பழையதைக் காட்டி நிற்காதீர்கள்.

ஓஹியா_பாதை:
ஒன்று விடுபட்டுவிட்டது. பட்டிப்பொலயிலிருந்து ஓஹியாவுக்கு வருகிற பாதை ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள்ளால் போகிறது. சிலர் குறுக்குப் பாதை என்று நினைத்து வருகிறார்கள். வனஜீவராசிகள் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கியோடு நுழைய முடியாது. தற்பாதுகாப்பு அனுமதி இருக்கிறது என்பது அங்கே எடுபடாது. சுற்றிப் போங்கள், இல்லையென்றால் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

வார்டு_அக்கா:
கண்டிக்குப் போகிறவர்களும் யோசிக்க வேண்டும். தலதா மாளிகை வாசலில் உடம்பைச் சோதிப்பார்கள். நீதிமன்றத்திலும் அப்படித்தான். "காரில் வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று போன இடத்தில்தான் கண்ணாடியை உடைத்து எடுத்துப் போகிறார்கள். கோயில், கோர்ட், கல்யாண வீடு இருக்கிற நாளில் எடுக்காமல் போவதே நல்லது. கல்யாண வீட்டில் குடிக்கிறவர் என்றால் சொல்லவே தேவையில்லை.

மலையோரம்84:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பண்டாரவளை அண்ணன் சொன்னபடி பெட்டி வாங்கி, கேபிளைச் சீட் தாங்கியில் சுற்றிப் பூட்டியிருக்கிறோம். வெறும் பெட்டியோடு அதே இறக்கத்தில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு அங்குலமும் அசையவில்லை. இலக்கம் அப்பாவுக்கு மட்டும் தெரியும், எனக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். மணல் வாளி ஸ்டோர் ரூமில் வந்துவிட்டது. மகளை இனி வியாபாரப் பயணத்தில் ஏற்றுவதில்லை, அவள் அம்மாவோடு பஸ்ஸில் வருவாள்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. மண்சரிவில் பாதை மூடி ராத்திரி முழுக்க வரிசையில் நிற்க வேண்டி வந்தால் என்ன செய்வது? போன மழைக்கு அப்படி ஏழு மணி நேரம் நின்றோம்.

பழைய_சார்ஜன்ட்:
பெட்டியைத் திறக்காதீர்கள். அப்பாவும் நீங்களும் ஒரே நேரத்தில் இறங்கிப் போகாதீர்கள், டீக்கடைக்கு என்றாலும் ஒருவர் காரில் இருங்கள். உள்ளே இருப்பவர் அப்பாவாக இருக்கட்டும். ராத்திரி நீளும் என்று தெரிந்தால் கிட்ட உள்ள பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பொறுப்பதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், அசைய முடியாவிட்டால் 119க்கு அழையுங்கள். சொல்லி வைத்த ஆளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.