கலைச்சொல் தேவை: நியூரோபிளாஸ்டிசிட்டி (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி:

அனைவருக்கும் வணக்கம். நாற்பது வயதுக்கு மேல் புதுத் தொழில் கற்க வருபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்களில் பலர் சிவதாபுரம், பனங்காடு பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் இருந்தவர்கள். இப்போது கணினியில் டிசைன் போடப் பழகுகிறார்கள். "இந்த வயசுக்கு மேல மண்டையில ஏறாதுங்க" என்பதுதான் அவர்கள் முதல் நாளே சொல்வது. கையேட்டின் முதல் பாடம் அதற்கான பதில். நியூரோபிளாஸ்டிசிட்டி (பழக்கத்துக்கேற்ப மூளை தன்னை மாற்றிக்கொள்ளும் தன்மை), குரோத் மைண்ட்செட் (முயன்றால் திறமை வளரும் என்ற எண்ணம்) இரண்டுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்கு 'நரம்பு நெகிழ்ச்சி' என்று போட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், சூரமங்கலம்:

நெகிழ்ச்சி வேண்டாம் அம்மா. மகள் மேடையேறிப் பரிசு வாங்கும்போது பெற்றோருக்கு வருவது நெகிழ்ச்சி. அதோடு, நெகிழ்வது என்றால் இளகுவது, தளர்வது. இங்கே நமக்கு வேண்டியது வேறு. ரப்பரை இழுத்து விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புவது மீட்சி. ஈயக் கம்பியை வளைத்தால் வளைந்தபடி நிற்பது அதற்கு நேர் எதிரான பண்பு. 1890-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 'பிளாஸ்டிசிட்டி' என்ற சொல்லை மூளைக்கும் பழக்கத்துக்கும் பொருத்தியபோது இந்த இரண்டாவது பண்பையே எடுத்துக்கொண்டார். ஒரு பொருள் வெளித்தாக்கத்துக்கு இணங்கவும் வேண்டும், ஒரேயடியாக இணங்கிவிடவும் கூடாது என்பது அவர் விளக்கம். கிரேக்க வேருக்கும் பிடித்து உருவாக்குவது என்றுதான் பொருள். தமிழில் அதற்கு வனைதல் இருக்கிறது, குயவர் மண்ணைப் பிடித்துப் பானை செய்வது. பொறு என்பதிலிருந்து பொறுமை வருவதுபோல வனை என்பதிலிருந்து வனைமை. 'மூளை வனைமை' என் பரிந்துரை.

தமிழாசிரியர், ஆத்தூர்:

வனைமை நல்ல ஆக்கம்தான். ஆனால் அதைவிடப் பழைய வேர் ஒன்று நம்மிடம் இருக்கிறதே. "மழவும் குழவும் இளமைப் பொருள" என்பது தொல்காப்பிய உரியியல். குழ, குழவி, குழந்தை, குழைவு எல்லாவற்றிலும் இளமையும் மென்மையும் சேர்ந்தே வருவதைப் பாருங்கள். குழந்தை மூளைதான் மிக எளிதாக மாறுகிறது என்று அறிவியலும் சொல்கிறது. ஆகவே 'குழைமை'. தளிருக்கும் குழை என்று பெயர் உண்டு. காதணிக் குழையையும் இந்த வேரோடு சேர்க்கலாமா என்பது தனியே பார்க்கவேண்டியது. அதைப்பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

இயன்முறை மருத்துவர், ஏற்காடு:

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. சோறு குழைந்துபோச்சு என்று வீட்டில் தினமும் சொல்கிறோம். பக்கவாதம் வந்து கை விழுந்த ஒருவரிடம் போய் "உங்கள் மூளை குழையும்" என்று நான் எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய சிக்கல், குழைமை இளமையைச் சுட்டுகிறது என்று நீங்களே நிறுவிவிட்டீர்கள். இந்தக் கையேடு நாற்பது தாண்டியவர்களுக்கு. வயதானாலும் மாறும் என்று சொல்லவேண்டிய சொல்லே இளமையை நினைவூட்டினால் எப்படி?

வனைமையிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வளைந்தபடி நிற்கும் என்கிறார் சூரமங்கலம் ஐயா. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்க மூன்று மாதம் பழகினார்கள். அசைவைக் கண்டறியும் மூளைப் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த திசு) கூடியிருந்தது. அப்புறம் பழகுவதை நிறுத்தியதும் கூடியதில் பெரும்பங்கு குறைந்துபோனது. ஆக, அப்படியே நின்றுவிடுவதும் இல்லை. நான் நோயாளிகளிடம் "மூளை தன்னை மாத்திக்கும், ஆனா நீங்க தினமும் பண்ணணும்" என்பேன். 'மூளை மாறுதிறன்' போதாதா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், சூரமங்கலம்:

அம்மா சொன்ன ஆய்வு வனைமைக்குத்தான் பலம் சேர்க்கிறது. வனைவது சக்கரத்தில் பச்சை மண். இன்னும் சூளைக்குப் போகவில்லை. கையெடுத்தால் சரியும், மறுபடி பிடிக்கலாம். மாறுதிறன் பொதுச்சொல். பச்சோந்திக்கும் மாறுதிறன் உண்டு. பயிற்சியின் கை அதில் எங்கே தெரிகிறது?

கல்லூரி மாணவர், ஓமலூர்:

வணக்கம். ஒரு சந்தேகம். பேசாமல் 'நியூரோபிளாஸ்டிசிட்டி' என்றே எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் தந்தால் என்ன? கொலுசுப் பட்டறை அக்காக்களுக்கு வனைமையும் புதுச்சொல், அதுவும் புதுச்சொல்தானே?

தமிழாசிரியர், ஆத்தூர்:

தம்பி, 1916-இல் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்காகத் தொடங்கிய சங்கம் நம் சேலத்துச் சங்கம். அதன் பெயர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். சாஸ்திரம் இன்று அறிவியல், பரிபாஷை இன்று கலைச்சொல். இரண்டும் ஒருகாலத்தில் யாருக்கும் பழகாத சொற்களாகத்தான் இருந்திருக்கும். முதலில் ஒருவர் எழுதிப்பார்க்க வேண்டும். புரியவில்லை என்று நாமே ஒதுக்கிவிட்டால் புரியவைக்க வாய்ப்பே வராது. குழைமையை நான் விடவில்லை. ஆனால் ஒலிபெயர்ப்பைவிட வனைமை மேல்.

மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒருநாள்தான் இருக்கிறது. இரண்டாவது சொல்லுக்கு 'வளர்ச்சி மனப்பாங்கு' என்று போடுகிறேன். மறுப்பு உண்டா?

இயன்முறை மருத்துவர், ஏற்காடு:

சொல்லுக்கு மறுப்பில்லை. அதன்கீழ் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் கவலை. வளரமுடியும் என்று நம்பினாலே திறமை வந்துவிடும் என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு இந்த மனப்பாங்கைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்குச் சிறிய முன்னேற்றம்தான் தெரிந்தது. நம்பிக்கையோடு நல்ல பயிற்சியும், தப்பை உடனே காட்டித் திருத்தும் ஆளும் வேண்டும். "சித்திரமும் கைப்பழக்கம்" என்ற வெண்பாவைப் போடுங்கள். நம் மக்களுக்குத் தெரிந்தது.

தமிழாசிரியர், ஆத்தூர்:

போடலாம். ஆனால் ஈற்றடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நட்பும் தகையும் கொடையும் பிறவிக்குணம் என்று முடிகிறது. முழுப்பாடலையும் அச்சிட்டால், "பார்த்தீங்களா, பிறவியிலேயே வரணும்" என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. முதல் இரண்டு அடிகள் போதும்.

மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி:

சரி, முதல் இரண்டடி மட்டும். தனிமடலில் வந்த கருத்துகளையும் சேர்த்துப் பார்த்ததில் பெரும்பாலோர் 'மூளை மாறுதிறன்' பக்கம். தலைப்பில் அதுவே வருகிறது. உள்ளே ஓரிடத்தில் 'வனைமை என்றும் சொல்லலாம்' என்று சேர்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், சூரமங்கலம்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது இந்த இழையைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?