பழைய பன்னீர் பந்தல்: வெட்டிவிட்டுப் பாக்கு வைப்பதா, காப்பாற்றுவதா?

மேற்கால தோட்டம்:
கோயம்புத்தூர் மாவட்டம் நரசீபுரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. 1980-களில் அப்பா நட்டது. கல்தூண்கள் அப்படியே நிற்கின்றன, கம்பிதான் மாற்றியிருக்கிறோம். தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் போகிற வழியெல்லாம் பந்தலாக இருந்த காலம் போய்விட்டது, இப்போது பாக்கும் வாழையும் தென்னையும்தான். மாமா 'வெட்டிப்போட்டு பாக்கு வைடா' என்கிறார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற சித்தப்பா பையனோ மரபணுச் சோதனை, திசு வளர்ப்பு, சென்சார் என்று அடுக்குகிறான். அவனும் இங்கே வருவான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க, சண்டை வந்தாலும் பரவாயில்லை.

பாக்கு நட்டவன்:
மாமா சொல்வதைக் கேளுங்க. நானும் மாதம்பட்டிப் பக்கம் பந்தல் வைத்திருந்தவன்தான். விடாமல் நாலு நாள் தூறினால் அடிச்சாம்பல் என்கிற பூஞ்சை நோய் வந்து இலையெல்லாம் கொட்டிப்போகும். பழுக்கிற நேரத்து மழையில் பழம் வெடித்துவிடும். கவாத்து பண்ண, அதாவது கொடியைக் கழித்து வெட்டத் தெரிந்த ஆட்கள் எல்லாம் கம்பெனி வேலைக்குப் போயாச்சு. வியாபாரி தோட்டத்துக்கே வந்து, குலையைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி விலை சொல்வார். இதில் எந்த இடத்தில் மரபணுச் சோதனை வந்து கை கொடுக்கும்?

இன்னொன்று. பன்னீர் என்ன அழிகிற ரகமா? கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அதுதான். 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். காப்பாற்ற ஆள் இருக்கிற ரகத்தை நாம் ஏன் கடன் வாங்கிக் காப்பாற்ற வேண்டும்?

ஆய்வகத் தம்பி:
அண்ணா, சித்தப்பா பையன் நான்தான்.

ரகம் அழியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்தல்கள் ஏன் நொடிக்கின்றன என்று பாருங்க. நம் ஊரில் பன்னீர் குச்சி நட்டு வந்தது. தாய்க்கொடியில் வைரஸ் இருந்தால் அந்தக் குச்சியோடு அதுவும் வந்துவிடும். இலைச்சுருள் வைரஸுக்குத் தோட்டத்தில் அடிக்க மருந்தே கிடையாது, வருஷத்துக்கு வருஷம் கொடி ஓய்ந்துகொண்டே போகும். ஆய்வகத்தில் கொடியைச் சூட்டில் வளர்த்து, துளிர் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான திசுவை வெட்டி எடுத்து வளர்த்தால் வைரஸ் இல்லாத நாற்று கிடைக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறிய தோட்டமாக இருந்தால் அதையே டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் வைக்கிற அடிச்செடி) ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம்.

பன்னீருக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. இதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஸ்கியாவா குரோசா என்ற கறுப்புத் திராட்சையும் அலெக்சாண்டிரியா மஸ்கட்டும் சேர்ந்து பிறந்தது என்பது மரபணுச் சோதனையில் தெரிந்த விஷயம். அந்தக் கறுப்புத் திராட்சைக் கொடி ஒன்று லண்டன் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்டது, இன்னும் காய்க்கிறது. நாற்பது வயதுக் கொடியை வெட்டச் சொல்கிறீர்களே!

பாக்கு நட்டவன்:
தம்பி, அது ராஜா வீட்டுக் கொடி. கண்ணாடி அறை இருக்கிறது, பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்குத் தோட்டக்காரர் இருக்கிறார், பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். நரசீபுரத்தில் டிக்கெட் வாங்காமல் வருவது யானை மட்டும்தான்.

நீங்கள் சொல்வதையே வைத்துப் பார்ப்போம். நுனித் திசுவை எடுத்து ஆய்வகத்தில் வைத்துவிட்டால் ரகம் பத்திரம். சுத்தமான நாற்றும் கிடைக்கும். அப்படியென்றால் பழைய பந்தலை இன்னும் தைரியமாக வெட்டலாம் என்றுதானே அர்த்தம்? உங்கள் தொழில்நுட்பம் எனக்குத்தானே சாட்சி சொல்கிறது!

ஆய்வகத் தம்பி:
அப்படி இல்லைங்க. கொடியை மட்டும் காப்பதென்றால் நீங்கள் சொல்வது சரி. ஆழமாக இறங்கிய வேரையும், பருத்த அடிமரத்தில் சேர்ந்திருக்கிற மாவுச்சத்தையும் ஆய்வகக் குப்பியில் வைக்க முடியாது. ஒரு வறட்சி வருஷத்தில் புது நாற்றும் நாற்பது வயதுக் கொடியும் ஒரே மாதிரி தாங்குமா? ஆஸ்திரேலியாவின் பரோசா ஒயின் வட்டாரத்தில் 2009-இலேயே 35, 70, 100, 125 வயது என்று கொடிகளைத் தரம் பிரித்துப் பதிவு செய்தார்கள். திராட்சைக்கான சர்வதேச அமைப்பும் 2024-இல் 35 வயதுக்கு மேல் போனால் பழங்கொடி என்று வரையறுத்துவிட்டது. அந்தக் கணக்கில் பெரியப்பா நட்டதும் பழங்கொடிதான்.

பாக்கு நட்டவன்:
அங்கே பழங்கொடி என்று பாட்டிலில் ஒட்டினால் ஒயினுக்குக் கூடுதல் விலை. இங்கே உங்கள் பழம் உக்கடம் மார்க்கெட்டுக்குப் பெட்டியில் போகிறது. கொடியின் வயதைக் கேட்டு எந்த வியாபாரி கிலோவுக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்?

கவாத்துக் கத்திரி:
ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருமே பந்தலுக்கு வெளியே நின்று பேசுகிறீர்கள்.

அடிச்சாம்பலுக்கு இன்றைக்கும் நாம் கலக்குகிற போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும், 1885 வாக்கில் பிரான்சில் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் சொன்னது. அதுவும் ஒரு காலத்துப் புதுத் தொழில்நுட்பம்தான். அதனால் சென்சார் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஆனால் வெளிநாட்டுக் கணக்கை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் ஏமாந்து போவோம். ஐரோப்பாவில் மூன்று பத்து என்று ஒரு விதி வைத்திருந்தார்கள்: 10 டிகிரி வெப்பம், 10 மில்லிமீட்டர் மழை, 10 சென்டிமீட்டர் துளிர் மூன்றும் சேர்ந்தால் நோய் வரும் என்று எச்சரிக்கை. நம் தோட்டத்தில் 10 டிகிரிக்குக் கீழே எப்போது போகிறது? அந்த விதியை நம்பினால் ஒவ்வொரு மழைக்கும் மருந்தடித்துக்கொண்டே இருக்கணும். நமக்கு வேண்டியது இலை எத்தனை மணி நேரம் நனைந்தே இருந்தது என்ற கணக்கு. மலையடிவாரத்தில் மழையே இல்லாமல் பனியிலேயே விடிய விடிய ஈரம் நிற்கும். அதைச் சொல்லும் கருவியை நாலு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து வாங்கினால், மருந்து எப்போது அடிக்க வேண்டாம் என்பது தெரியும். மிச்சமாகும் காசு அங்கேதான் இருக்கிறது.

ட்ரோனில் படமெடுத்துத் தருகிறேன் என்று வருவார்கள். ஒன்றரை ஏக்கரை ஒரு நடை நடந்தால் தெரியாதா?

தம்பி டாக்ரிட்ஜ் என்றார். உப்புத் தண்ணீருக்கு அது நல்லதுதான், ஆனால் கொடி கண்டபடி தழைத்துப் பூக்கண் குறையும். சும்மா ஒட்டிவிட்டு வந்துவிட முடியாது. பழைய கொடி சாவதற்குப் பெரிய காரணம் நாம் போடும் பெரிய வெட்டு. தடித்த கையை அடியோடு அறுத்தால் காயம் வழியாகப் பூஞ்சை இறங்கி அடிமரத்தை அழுகச் செய்யும். பிரான்சில் சின்ன மின்ரம்பத்தால் அடிமரத்தைத் திறந்து, அழுகலை மட்டும் சுரண்டி எடுத்துக் கொடியைப் பிழைக்க வைக்கிறார்கள். பல்லைப் பிடுங்காமல் சொத்தையை எடுத்து அடைப்பது போலத்தான். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு நாள் பயிற்சி போட்டால் நான் முதல் ஆளாக வருவேன்.

அந்த அரண்மனைக் கொடியில் கண்ணாடி அறையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். வேர் ஓடுகிற வெளிநிலத்தில் ஒன்றுமே நடாமல் வெறும் தரையாக விட்டு, எருப் போட்டு வைத்திருக்கிறார்களே, அதைக் கவனியுங்க. நம் ஆட்கள் பந்தல் ஓரத்திலேயே பாக்கு நட்டுவிட்டு, திராட்சை நொடிக்கிறது என்பார்கள்.

பாக்கு நட்டவன்:
கடைசி வரி எனக்குத்தான் என்று புரிகிறது. சரிங்க. ஆனால் கவாத்துக்கு ஆள் எங்கே என்ற கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லவில்லை. நாலு தோட்டம் சேர்ந்து கருவி வாங்கச் சொல்கிறீர்கள், அந்த ஊரில் பந்தல் மிச்சமிருப்பதே நாலு இருக்குமா?

கவாத்துக் கத்திரி:
ஆள் கிடைக்காதது உண்மை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. டிசம்பர், ஜனவரியிலும் மே, ஜூனிலும் கத்திரி பிடிக்க வீட்டு ஆள் இல்லாதவர் திராட்சையை விட்டுவிடுவதே மேல்.

மேற்கால தோட்டத்தாருக்கு ஒரு கேள்வி. கிணற்றோரம், சாளை வீட்டை ஒட்டிப் பழைய கொடி எதுவும் நிற்கிறதா? பன்னீர் பரவுவதற்கு முன் பச்சைத் திராட்சை என்று ஒன்று வைத்திருப்பார்கள். வடக்கே போக்ரி என்பார்கள். காப்பாற்றுவதென்றால் அது மாதிரி ஒன்றைத் தேடுங்க.

மேற்கால தோட்டம்:
கிணற்று மேட்டில் ஒரு கொடி இருக்குங்க. வெளிர் பச்சைப் பழம், புளிப்பு. அப்பாரு காலத்தில் இருந்தே இருக்கிறது என்பார்கள். யாரும் கவாத்து பண்ணுவதில்லை, புங்கமரத்தில் ஏறிக் கிடக்கிறது. மாமாவின் வெட்டுப் பட்டியலில் அதுதான் முதல்.

ஆய்வகத் தம்பி:
அண்ணா, அதைத் தொடவே வேண்டாம்! திராட்சைக்கென்று ஒன்பது மரபணுக் குறிகள் கொண்ட பொதுத் தொகுப்பு இருக்கிறது. அதை ஓட்டி, ஜெர்மனியில் இருக்கிற உலகத் திராட்சை ரகப் பட்டியலோடு ஒப்பிட்டால் இன்னது என்று தெரிந்துவிடும். புது ரகமாக இருந்தால் புனே மாஞ்சரியில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்துக்கும் குச்சி அனுப்பலாம்.

பாக்கு நட்டவன்:
செய்யுங்க, அதை நான் தடுக்கவில்லை. ஒரு கொடிக்காக ஒன்றரை ஏக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பந்தலை எடுத்தாலும் கிணற்று மேடு அங்கேயேதான் இருக்கும். சோதனைச் செலவு யாருடையது?

ஆய்வகத் தம்பி:
என் ஆய்வுச் செலவில் சேர்க்க வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் அண்ணனும் நானும் பாதிப் பாதி. இளம் இலையாக, மருந்து படாததாகப் பறித்து ஐஸ் பெட்டியில் வையுங்க. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

மேற்கால தோட்டம்:
வா. மாமாவும் அன்றைக்கு வருகிறார், பாக்கு நாற்றுக்கு முன்பணம் கொடுக்க.