ஏஜென்ட்டுக்கான கருவிக் குறிப்பு: அரைப் பக்கமா, பதினோரு பக்கமா?

பாம்பன்_கரை
மீனவர் சங்கங்களின் வேர்டு கோப்புகளை (மனு, தீர்மானம், படகுப் பட்டியல்) ஏஐ ஏஜென்ட் திருத்துவதற்கான நம்ம கருவியில் வாசி, மாற்று, செருகு என்று மூன்றே கட்டளைகள். அதற்கு எழுதிய குறிப்பு பதினோரு பக்கம் ஆகிவிட்டது. அரைப் பக்கமாக வெட்டணும் என்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் அந்தக் குறிப்பு முழுசும் மாடலின் சூழலில் (மாடல் அந்த வேலைக்காகப் படிக்கும் உரையில்) ஏறி உட்காரும். தமிழுக்கு ஆங்கிலத்தைவிட டோக்கன் கூடுதலாகப் பிடிக்கும். (மாடல் உரையைத் துண்டாக்கி எண்ணும் டோக்கனைச் சொல்கிறேன், கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கும் டோக்கன் இல்லை. மனுக்களில் அந்தச் சொல் அடிக்கடி வருவதால் குறிப்பிலும் இதைப் பிரித்துச் சொல்லணும்.) கட்டளையின் பெயர், என்ன கொடுக்கணும், என்ன திரும்ப வரும், அவ்வளவு போதும். மிச்சத்தைப் பிழைச்செய்தி சொல்லட்டும்.

கீழக்கரை_கணினி
தம்பி, பிழை என்று தெரிந்தால்தானே பிழைச்செய்தி வரும்? தப்பு நடந்தும் 'சரி' என்று பதில் வருவதுதான் ஆபத்து. தடைக்கால நிவாரண மனுவையே எடுத்துக்கொள். முந்தைய வருட மனுவில் 2024-ஐ 2025 ஆக்கு என்றால் ஏஜென்ட் எல்லா இடத்திலும் மாற்றிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளுக்கு வருடம் மாறுவது சரி. 'பார்வை: 10.06.2024 நாளிட்ட எங்கள் மனு' என்ற வரியும் சேர்ந்து மாறினால், இல்லாத மனுவைக் காட்டி நிவாரணம் கேட்டதாகிவிடும்.

பாம்பன்_கரை
அதைக் கருவியில்தான் தீர்க்கணும் காக்கா, குறிப்பில் எழுதித் தீராது. பழைய வாசகம் கோப்பில் ஒரே இடத்தில் இருந்தால்தான் 'மாற்று' ஓடணும். இரண்டு இடம் என்றால் கை வைக்காமல், '2 இடங்களில் உள்ளது: பத்தி 3, பத்தி 9. முன்னும் பின்னும் சில சொற்கள் சேர்த்துக் கொடு' என்று திருப்பி அனுப்பணும். தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரும் இந்த ஒரு வரி இரண்டு பக்கக் குறிப்புக்குச் சமம்.

தொண்டி_வலை
தேடிய வாசகம் 'காணவில்லை' என்று கருவி பதில் தந்தால் என்ன வழி? வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு ஒரு ஜிப் (பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டியது). உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லில் ஒரு வரி பல ரன்களாக, அதாவது எழுத்துத் துண்டுகளாக, உடைந்து கிடக்கும். எழுத்துப்பிழை சோதனை, இடையில் ஒரு சொல்லைத் திருத்தியது, எதுவும் அதை உடைக்கும். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் விசைப்படகு எண் கண்ணுக்கு ஒன்று, உள்ளே மூன்று துண்டு. பத்தியின் ரன்களைச் சேர்த்துவிட்டுத் தேடினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. எண் வரியின் ஓரத்தில் உடையாமல் இருக்கக் கன்ட்ரோல்-ஷிப்ட்-ஹைஃபன் அடித்திருந்தால் அந்தக் கோடு எழுத்தாகவே இருக்காது, எக்ஸ்எம்எல்லில் தனி டேக்காக (குறியாக) இருக்கும். தேடல் தோற்கும். எண் இல்லை என்று நம்பி ஏஜென்ட் புது வரி செருகும். ஒரே படகு பட்டியலில் இரண்டு தடவை வந்துவிடும்.

கீழக்கரை_கணினி
தமிழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'கொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும். யூனிகோடு இயல்பாக்கம் செய்தால் அது ஒன்றாகிவிடும். ஆனால் 'கௌ'வை ஒற்றைக்கொம்பு போட்டு 'ள' எழுத்தைத் தட்டி எழுதியிருந்தால் எந்த இயல்பாக்கமும் சேர்க்காது. படகுப் பெயரில் வரும் 'ஸ்ரீ'க்கும் இரண்டு எழுத்துவழி உண்டு, அதுவும் சேராது. பழைய தீர்மானங்கள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் இன்னும் மோசம். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் தமிழாகக் காட்டுகிறது. ஏஜென்ட் அதைக் குப்பை என்று நினைத்துத் 'திருத்தும்'.

பாம்பன்_கரை
இயல்பாக்கத்தை வாசி, மாற்று இரண்டிலும் வைக்கலாம். எழுத்துரு பாமினி என்றால் கருவி மறுக்கலாம், 'முதலில் யூனிகோடுக்கு மாற்று' என்று சொல்லலாம். 'ள', 'ஸ்ரீ' இரண்டையும் நெருங்கிய பொருத்தமாக எடுத்துக் காட்டலாம், தானாக மாற்றக்கூடாது. இத்தனையும் கருவிக்குள் போய்விட்டதே, குறிப்பில் என்ன மிச்சம்?

கீழக்கரை_கணினி
வேலையின் வரிசை மிச்சம். எங்கே நிற்கணும் என்பது மிச்சம். வேர்டு கோப்பைப் படிக்கும் பைத்தான்-டாக்எக்ஸ் நிரல் நூலகத்தில் ஆவணத்தின் பத்திகளைக் கேட்டால் அட்டவணைக்குள் இருப்பவை வராது, நம்ம 'வாசி'யும் அப்படித்தான். படகுப் பட்டியல் முழுக்க அட்டவணை. இதைச் சொல்லாவிட்டால் பாதிக் கோப்பைப் பார்த்துவிட்டு முழுசும் பார்த்ததாக ஏஜென்ட் நினைக்கும். 12ஆம் பத்திக்குப் பின் ஒன்று செருகினால் கீழே எல்லா எண்ணும் ஒன்று நகரும். அதனால் கீழிருந்து மேலே திருத்து, இல்லையென்றால் மறுபடி வாசி. 'இராமேசுவரம்' என்று இருப்பதை 'ராமேஸ்வரம்' ஆக்காதே, உரிமையாளர் பெயர் பதிவுச் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும். 'மாற்றங்களைக் காட்டு' முறையில் மட்டும் எழுது, சங்கச் செயலாளர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்பார். இதில் எதற்கும் பிழைச்செய்தி வராது.

பாம்பன்_கரை
அட்டவணை விஷயம் கருவியின் குறை, அதைச் சரிசெய்கிறேன். மற்ற நான்கும் குறிப்பில் இருக்கட்டும், ஏற்கிறேன். எழுத்துவழி விளக்கம் தனிக் கோப்பாகப் போகட்டும், தேவைப்பட்டால் ஏஜென்ட் திறந்து படிக்கட்டும். எட்டுப் பக்க எடுத்துக்காட்டு மட்டும் வேண்டாம்.

தொண்டி_வலை
இரண்டு எடுத்துக்காட்டு வேண்டும் அண்ணே. அழைப்பு எப்படி இருக்கணும் என்பதை விவரித்துச் சொல்வதைவிட ஒன்றைக் காட்டினால் மாடல் சரியாகப் பிடிக்கும். ஆனால் இப்போது அதில் முழுப் படகு எண் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். பட்டியலில் எண் விடுபட்ட இடத்தில் ஏஜென்ட் அதையே எழுதிவிடும், பார்ப்பவருக்குச் சந்தேகமும் வராது. 'படகு-எண்-இங்கே' என்று போடுங்கள். கோப்பில் அந்தச் சொல் இருந்தால் கருவி சேமிக்க மறுக்கட்டும்.