‘ஓசையிலா விசை’ போதாது: ஆளி, தொடுபுள்ளி, அடிதட்டல் – சில பரிந்துரைகள்

அனைவருக்கும் வணக்கம்.

ஆர்கேட் விளையாட்டுக்கான பொத்தான் பெட்டியை வீட்டிலேயே செய்பவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதத் தொடங்கி, ‘சைலன்ட் ஸ்விட்ச்’ என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் ஓசையிலா விசை, அமைதி விசை, மென்விசை. மூன்றையும் வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்தேன். மூன்றும் நெருடுகின்றன.

முதல் நெருடல் ‘விசை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. விசைப்பலகை பழகிவிட்டதால் ஸ்விட்சையும் விசை என்கிறோம். ஆனால் பொத்தான் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பதே, அதை எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்பதைத்தான். விசைப்பலகைகளில் வரும் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையில் வகைகளை நிறத்தால் அழைப்பார்கள்; அதில் சிவப்புக்கு 45 சென்டிநியூட்டன். இதை எழுதினால் ‘விசையின் இயக்க விசை 45 சென்டிநியூட்டன்’ என்றாகிறது. இயற்பியலில் விசை வேரூன்றிய சொல், அதை அசைக்க வேண்டாம். இலங்கையில் ஸ்விட்சுக்கு வழங்கும் ‘ஆளி’யை எடுத்துக்கொள்வோம். குட்டையான சொல்; ஆளியை, ஆளியின், ஆளிகள் என்று எப்படி நீட்டினாலும் உடையாது. ஒன்றே ஒன்று, முன்னால் வரும் சொல்லோடு ஒட்டி எழுதக் கூடாது. ஒட்டினால் கூட்டாளி, முதலாளி போல ஓர் ஆளைக் குறிக்கத் தொடங்கிவிடும்.

பொத்தானும் ஆளியும் ஒன்றல்ல என்பதையும் கையேட்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். விரல் படும் தலையும் கூடும் சேர்ந்தது பொத்தான். அதற்குள் இருந்து மின்சுற்றை மூடித் திறப்பது ஆளி. 30 மி.மீ. துளையில் உட்காரும் பொத்தான்களிலேயே செர்ரி எம்எக்ஸ் ஆளியைக் கழற்றி மாட்டும்படி வருபவை உண்டு. அப்புறம் ‘பொத்தானை மாற்று’ என்பதும் ‘ஆளியை மாற்று’ என்பதும் வெவ்வேறு வேலைகள்.

இனி ‘ஓசையிலா’. நேற்று ஒருவர் எழுதியிருந்தார்:

> சத்தம் வராத ஆளியை ஓசையிலா ஆளி என்பதில் என்ன தவறு? இதைவிட எளிய சொல் எது?

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சத்தம் வராத ஆளி? அழுத்தி விடும் ஒரு முறைக்குள் மூன்று இடங்களில் சத்தம் பிறக்கலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

ஒன்று, ஆளிக்குள் பிறப்பது. மைக்ரோ ஸ்விட்சுக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு வளைந்து நிற்கிறது. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அது ஒரே பாய்ச்சலில் மறுபக்கம் புரண்டு தொடுமுனையில் அறைகிறது. நாம் மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் அது புரளும் வேகம் மாறாது. கணினிச் சுட்டியின் உள்ளே இருப்பதும் இதே வகைதான். ‘சொடுக்கு’ என்று நாம் பெயர் வைத்ததே இந்த ஓசைக்குத்தான். ஆகவே மைக்ரோ ஸ்விட்சை ‘நுண் ஆளி’ என்று மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். அந்தப் பெயர் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயராக வந்தது, இயக்கத்தைச் சொல்வதல்ல. ‘சொடுக்கு ஆளி’ என்றால் உள்ளே நடப்பதும் காதில் விழுவதும் ஒரே சொல்லில் வந்துவிடும். செர்ரி எம்எக்ஸ் நீலத்தில் சொடுக்கை எழுப்பும் அமைப்பு வேறு. அங்கே தண்டின் மீது, அதாவது அழுத்தும்போது ஆளிக்குள் இறங்கி ஏறும் பகுதியின் மீது, தனியாக நகரும் ஒரு துண்டு சடக்கென்று இறங்குகிறது. ஆனாலும் விரலும் காதும் உணர்வது சொடுக்குத்தான் என்பதால் அதையும் இதிலேயே சேர்க்கலாம்.

இரண்டு, தண்டு அடித்தளத்தில் மோதுவது. கப்பல் தரைதட்டுவது என்கிறோம் அல்லவா, அதே போக்கில் இதற்கு ‘அடிதட்டல்’.

மூன்று, விரலை எடுத்ததும் சுருள்வில் தண்டை மேலே தள்ள, அது கூட்டின் உச்சியில் இடிப்பது. இதற்கு ‘முகடுதட்டல்’. பலரும் மறந்துவிடுவது இதைத்தான். நான் செய்த முதல் பெட்டியில் சொடுக்கே இல்லாத ஆளிகளைத் தேடிப் பிடித்துப் போட்டேன். இரவில் விளையாடினால் பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்து வந்தார். சொடுக்கு போயிருந்தது, அடிதட்டலும் முகடுதட்டலும் அப்படியே இருந்தன. மூடிய மரப்பெட்டி வேறு, ஒவ்வொரு தட்டலையும் பறைபோல வாங்கிப் பெருக்கியது. பெட்டிக்குள் ஃபோம் ஒட்டிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் தணிந்தது. அன்றைக்கு ‘ஓசையிலா’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்கியதுதான் என் பிழை. கையேட்டைப் படிப்பவருக்கும் அது நேரக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன்.

சைலன்ட் என்று விற்கப்படும் எம்எக்ஸ் வகையில் தண்டின் மேலும் கீழும் மென்மையான பொருளை வைத்து இந்த இரண்டு தட்டலையும் தணிக்கிறார்கள். ஆர்கேட் பொத்தான்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான சான்வாவின் ஓபிஎஸ்எஃப்எஸ்-30 பொத்தானும் மோதல் ஓசையை இப்படி உள்ளே மெத்தை வைத்துத்தான் குறைக்கிறது. எனவே என் பரிந்துரை ‘மெத்தை ஆளி’. ஓசை இல்லை என்ற வாக்குறுதியை அது தருவதில்லை, என்ன செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. மெத்தைக்குக் கொடுக்கும் விலையும் சொல்லிலேயே தெரியும்: எம்எக்ஸ் சிவப்பின் மொத்தப் பயணம் 4 மி.மீ., மெத்தை வைத்த சிவப்பில் அது 3.7. அடியில் விரல் போய் நிற்கும் இடம் சிலருக்குச் சொதசொதவென்று படுகிறது. இந்தச் ‘சொதசொதப்பு’ என்பதையும் தயங்காமல் கையேட்டில் எழுதலாம், எல்லாருக்கும் உடனே புரியும்.

‘மென்விசை’யின் சிக்கல் வேறு. லீனியர் என்பதற்கும் ஸ்மூத் என்பதற்கும் அந்த ஒரே சொல்லை எழுதிவிடுகிறோம். லீனியர் ஆளியில் வழியில் மேடில்லை. அழுத்த அழுத்தச் சுருள்வில்லின் எதிர்ப்பு சீராக ஏறுகிறது. ‘நேரியல்’ என்பது கணக்கில் சரி, விரலுக்கு ‘சீர் ஆளி’ நெருக்கம். டாக்டைல் வகையில் தண்டின் காலில் ஒரு சிறு மேடு உண்டு, விரல் அங்கே இடறுகிறது. அது ‘இடறு ஆளி’. ஸ்மூத் என்பதோ உராய்வைப் பற்றியது. சீர் ஆளியே உள்ளே மண் விழுந்ததுபோல நறநறக்கலாம், இடறு ஆளி வழவழவென்று இறங்கலாம். நறநறப்பு, வழவழப்பு என்ற சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தண்டு உரசும் இடத்தில் மெல்லிதாக மசகு பூசினால் முதலாவது குறைந்து இரண்டாவது கூடும்.

கடைசியாக ஓர் இணை. அழுத்தும்போது சுற்று மூடும் இடத்துக்கு ‘இயக்கப் புள்ளி’ என்றிருக்கிறீர்கள். ‘தொடுபுள்ளி’ என்றால் தொடுமுனைகள் தொடுவது கண்ணில் தெரிகிறது, திறக்கும் இடத்துக்கு ‘விடுபுள்ளி’ தானாக அமைகிறது. வடிவியலில் தொடுபுள்ளி உண்டுதான், ஆனால் பொத்தான் பேச்சில் யாரும் வட்டத்தை நினைக்கப் போவதில்லை. இரண்டுக்கும் இடையிலான தூரத்துக்குப் புதுச்சொல் வேண்டாம். காந்தவியலில் ஹிஸ்டெரிசிஸுக்கு உள்ள ‘தயக்கம்’ அப்படியே பொருந்தும். சொடுக்கு ஆளியில் தயக்கம் கூடுதல், சீர் ஆளியில் மிகக் குறைவு. சண்டை விளையாட்டில் ஒரே பொத்தானை அடுத்தடுத்துத் தட்டுபவர்கள் சீர் ஆளியைத் தேடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இவற்றை வைத்துக் கையேட்டின் அந்தப் பத்தியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“இரவில் விளையாடுபவர் சொடுக்கு ஆளியைத் தவிர்க்கவும். சீர் ஆளியில் மெத்தை வைத்த வகையை எடுத்தால் அடிதட்டலும் முகடுதட்டலும் தணியும். மெத்தை வைத்த எம்எக்ஸ் சிவப்பில் தொடுபுள்ளி 1.9 மி.மீ., விசை 45 சென்டிநியூட்டன். நறநறப்பு தெரிந்தால் தண்டுக்கு மசகு இடவும்.”

இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்தச் சொல்லில் நாக்கு தடுக்குகிறதோ அதை மாற்றலாம். தொடுமுனைகள் மூடும்போது சில மில்லிநொடிகள் அதிர்ந்து விட்டுவிட்டுத் தொடுவதற்கு எனக்குத் ‘துள்ளல்’ தோன்றுகிறது. அந்தத் துள்ளலை நிரலில் வடிகட்டுவதற்குத்தான் இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘துள்ளல் நீக்கம்’ என்றால் துள்ளலையே நிறுத்திவிடுவதுபோல் இருக்கிறது. நிரல் அதை நிறுத்துவதில்லை, அடங்கும்வரை கண்டுகொள்ளாமல் இருக்கிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.